மேடையில்லாத ஒரு கூட்டம்

நேயர்களுக்கு என் வணக்கம்.

மெய்யியல் கலந்துரையாடல் குழு ஒன்றை நாம் வாழும் இடத்தில், நம்முடைய மொழியில் எவ்வாறு தொடங்கலாம் என்பது பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். நான் உயர்தர வகுப்புகளில் அளவையியல், அதாவது சரியாகத் தர்க்கிக்கும் முறை பற்றிய பாடம், கற்பித்து ஓய்வு பெற்றவன். நான்கு ஆண்டுகளாக வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்திலுள்ள பொது அறையில், முழுநிலா நாளான போயா விடுமுறைகளின் பிற்பகலில், பத்துப் பேர் அளவில் கூடி, ஒரு நாளைக்கு ஒரு கேள்வி என்று எடுத்துப் பேசி வருகிறோம். இன்று நான் சொல்லப் போவது பெரும்பாலும் அந்த அறையில் கற்றுக்கொண்டவை.

கொழும்பில் தமிழ்க் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1942ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில்தான் இருக்கிறது. நூல் வெளியீடு, நினைவுப் பேருரை, கோயில் மண்டபத்தில் சமயச் சொற்பொழிவு என்று நகரில் ஏதாவதொன்று நடந்துகொண்டே இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு நானும் நன்றியோடு போய்வருகிறேன். ஆயினும் அங்கெல்லாம் நாற்காலிகள் மேடையை நோக்கியே வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றன. அறிந்தவர் பேசுகிறார், ஏனையோர் கேட்கிறார்கள், சபையிலிருந்து ஒரு கேள்வி எழுவதற்குள் நன்றியுரைக்கு நேரம் வந்துவிடுகிறது. அதே வேளையில், அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடத்தை உயர்தரத்தில் படித்து, இரு கூற்றுகளிலிருந்து முடிவொன்றைப் பெறும் நியாயத்தொடையையும் தர்க்கத்தில் நேரும் பிழைகளான போலிகளையும் பரீட்சைக்காகப் பழகிய பிள்ளைகள் ஆண்டுதோறும் வெளியேறுகிறார்கள். இன்று வங்கியிலும் கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்யும் என் பழைய மாணவர்களைக் காலி வீதியில் காணும்போது, "சேர், அந்தப் பாடம் விருப்பமாக இருந்தது, பிறகு அதைப் பற்றிக் கதைக்கத்தான் ஆள் இல்லை" என்று சொல்வார்கள். ஒருவர் சொன்னால் கடந்து போயிருப்பேன். பலர் சொல்லக் கேட்டபோது அது என் மனத்தை உறுத்தத் தொடங்கியது.

எங்கள் முதற் கூட்டத்தை நான் பிழையாக நடத்தினேன். அறிவு என்றால் என்ன என்ற தலைப்பில் முக்கால் மணித்தியாலம் நானே பேசினேன். வந்திருந்த பதினான்கு பேரும் மரியாதையாகக் கேட்டார்கள். அடுத்த மாதம் நான்கு பேர்தான் வந்தார்கள். அந்த நால்வரில் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை, எனக்கு நன்னூலை நினைவூட்டினார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செம்மையாக உள்வாங்கினாலும் மாணாக்கர் பெறுவது காற்கூறுதான். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் வருகிறது. பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் வந்து சேர்கிறது என்று பவணந்தி முனிவர் கணக்குச் சொல்லியிருக்கிறார். "நீங்கள் எங்களுக்குக் காற்கூறைத் தந்துவிட்டு முக்காலையும் எடுத்துக்கொண்டீர்கள்" என்று அந்த அம்மா சொன்னார். அன்றே நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டோம். அதன் பிறகு எங்கள் குழுவில் எவரும் உரை நிகழ்த்தியதில்லை.

உரை இல்லையென்றால் கூட்டம் எதைப் பிடித்துக்கொண்டு நகரும் என்று கேட்பீர்கள். பரிஸ் நகரில் 1992ஆம் ஆண்டில் மார்க் சோத்தே என்ற மெய்யியலாளர் பஸ்தீல் சதுக்கத்தில் உள்ள ஒரு தேநீர்க் கடையில் ஞாயிறு காலைகளில் இத்தகைய கூட்டத்தைத் தொடங்கினார். வந்திருப்பவர்கள் முன்வைக்கும் கேள்விகளில் ஒன்றை அங்கேயே தெரிந்தெடுத்துப் பேசுவது அங்குள்ள முறை. அதற்கும் முந்திய ஒரு வழியை ஜெர்மனியில் லெயோனார்ட் நெல்சன் காட்டியிருந்தார். 1922இல் கோத்திங்கன் நகரில் ஆற்றிய உரையில், மெய்யியலைக் கற்பிப்பது வேறு, மெய்யியல் செய்யப் பழக்குவது வேறு என்று விளக்கி, வழிநடத்துபவர் தம் கருத்தைச் சொல்லாமல் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கூட்டத்தில் ஒருவர் தம் வாழ்க்கையில் உண்மையாக நடந்த ஒன்றைச் சொல்ல, அதற்குள் மறைந்திருக்கும் எடுகோள்களை எல்லோரும் சேர்ந்து பின்னோக்கித் தேடிச் செல்வது அவருடைய வழி. எங்களுக்குப் பொருந்தியது இந்த இரண்டாவது வழிதான்.

ஒரு கூட்டத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர் அனுமதி தந்திருக்கிறார். யாழ்ப்பாணத்திலுள்ள வீட்டுக் காணியை ஒருபோதும் விற்கமாட்டேன் என்று தம் தாயாருக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். தாயார் காலமாகிவிட்டார். இப்போது மகளின் வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் தேவைப்படுகிறது. அந்தக் காணியைத் தவிர வேறு வழி இல்லை. அவர் எங்களிடம் ஆலோசனை கேட்கவில்லை. "வாக்குப் பெற்றவர் இல்லாமற் போன பிறகு வாக்கு யாரிடம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

இறந்தவருக்குத் தீங்கு செய்ய இயலாது, ஆகவே வாக்கும் அவரோடு முடிந்தது என்றார் ஓர் இளைஞர். நாம் இருக்கும்வரை மரணம் இல்லை, மரணம் வந்தபின் நாம் இல்லை என்று கிரேக்க நாட்டு எபிகூரஸ் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். உடனே, தாதியாக வேலை செய்யும் ஒரு பெண் மறுத்தார். என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பற்றி ஒருவர் பொய் சொல்கிறார், அது என் காதுக்கு வராமலே போகிறது என்று வையுங்கள். எனக்கு வலிக்கவில்லை, ஆனாலும் எனக்கு அநீதி நடந்திருக்கிறது அல்லவா என்று கேட்டார். அநீதி என்பது உணர்ந்தால்தான் அநீதி என்ற எடுகோள் அந்த இடத்தில் உடைந்தது. இளைஞர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, நீங்கள் சொல்லும் பொய்யில் அநீதிக்கு உள்ளாகும் ஆள் உயிரோடு இருக்கிறார், இங்கே ஆளே இல்லை, இரண்டும் ஒன்றா என்று திருப்பிக் கேட்டார். மிக நல்ல மறுப்பு அது. பின்வந்தோரின் நல்வாழ்வும் தாழ்வும் இறந்தோரைத் தொடுமா என்று அரிஸ்டோட்டில் தம் ஒழுக்கவியலில் கேட்டு, தொடுவதாக இருந்தாலும் அவர்களுடைய இன்பதுன்பத்தை மாற்றும் அளவுக்குத் தொடாது என்று தயங்கித் தயங்கி விடை சொல்லும் பகுதி எனக்கு நினைவுக்கு வந்தது. முன்னர் என்றால் அதை எடுத்து வைத்து ஒரு பாடமே நடத்தியிருப்பேன். கடைசியில் தமிழாசிரியை கேட்ட கேள்விதான் பேச்சைத் திருப்பியது. அந்தத் தாய் கேட்டது மண்ணைக் காக்கும்படியா, அல்லது குடும்பம் சிதறாமல் இருக்கும்படியா? வாக்கின் சொல்லும் வாக்கின் பொருளும் பிரியும்போது எது நம்மைக் கட்டும்? இரண்டு மணித்தியாலமும் போதவில்லை. அவர் காணியை என்ன செய்தார் என்று நாங்கள் இன்றுவரை கேட்டதில்லை.

இத்தகைய பேச்சு சண்டையாகவோ உபசாரமாகவோ மாறிவிடாமல் இருப்பதற்கு எங்களிடம் ஒரே ஒரு விதிதான் உண்டு. ஒருவரை மறுப்பதற்கு முன், அவர் சொன்னதை அவரே ஆமென்று ஒப்புக்கொள்ளும்படி நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். இதை வெளியிலிருந்து இரவல் வாங்க வேண்டியதில்லை. அருணந்தி சிவாசாரியார், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை ஆராயும் பரபக்கம் என்ற பகுதியில், காணும் உலகே உண்மை என்னும் உலகாயதம் முதலாகப் பதினான்கு பிற மதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முதலில் அவர்களுடைய மதத்தைச் சொல்லிய பின்னரே அதன் மறுதலையைச் சொல்கிறார். தம் சித்தாந்தத்தைச் சுபக்கத்தில் நிறுவுவதற்கு முன் இத்தனை பேருக்கும் வாய் கொடுத்திருக்கிறார். எங்கள் குழுவிலுள்ள முஸ்லிம் நண்பர் ஒருவர் இதைக் கேட்டதும், இமாம் கஸ்ஸாலியும் அவ்வாறே செய்தார் என்றார். மெய்யியலாளரை மறுத்து நூல் எழுதிய கஸ்ஸாலி, அவர்களுடைய கொள்கைகளை உள்ளபடி விளக்குவதற்கென்றே தனி நூல் ஒன்றும் எழுதியிருக்கிறார். சைவரும் முஸ்லிமும் தத்தம் மரபிலிருந்து ஒரே விதியைக் கொண்டுவந்து வைத்த அந்த மாலையை நான் மறக்கமாட்டேன்.

பட்டிமன்றம் இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். மணிமேகலையில், புகார் நகரத்து விழாவை முரசறைந்து அறிவிப்பவன், பல சமயத்து வாதிகளையும் பட்டிமண்டபத்துக்கு அழைத்துவிட்டு, "பற்றா மாக்கள் தம்முட னாயினும் செற்றமும் கலாமும் செய்யா தகலுமின்" என்கிறான். பகைவரோடு இருக்க நேர்ந்தாலும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்பது பொருள். அந்த மண்டபத்தில் ஏறியவர்கள் தாம் உண்மையென்று நம்பியதைப் பேசினார்கள். இன்றைய பட்டிமன்றத்திலோ பேச்சாளருக்குக் கட்சி முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. நடுவில் மனம் மாறினாலும் அவர் மாற முடியாது. எங்கள் வட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் தருணம், பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் நிறுத்தி, "இல்லை, நான் முதலில் சொன்னது சரியில்லை" என்று சொல்லும் தருணம்.

ஒழுங்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு பேர் இருந்தால் தொடங்கலாம். பன்னிரண்டைத் தாண்டினால் பேசாதவர்கள் பேசாமலே போய்விடுவார்கள், ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். போயா தினம் பொது விடுமுறையாதலால் கடைச் சிப்பந்திகளும் வரலாம். பௌத்த நண்பர்கள் காலையில் விகாரைக்குப் போய்விட்டு வரட்டும், பிற்பகல் மூன்று மணி நல்ல நேரம். இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள், பெண்கள் பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கோ தெஹிவளைக்கோ பாதுகாப்பாகப் போய்ச் சேருவதை எண்ணாமல் நேரம் குறிக்கும் குழுவில் ஆண்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். தேநீரைத் தொடக்கத்தில் கொடுக்காதீர்கள், நடுவில் கொடுங்கள். சூடேறிய வாதம் அந்தப் பத்து நிமிடத்தில் தானே ஆறும்.

சொற்களைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். ஒரே தமிழ் என்று நினைத்துத்தான் கூடுகிறோம். ஆனால் சைவர் உயிர் என்றும் ஆன்மா என்றும் சொல்லும் இடத்தில் முஸ்லிம் நண்பர் ரூஹ் என்கிறார். கிறிஸ்தவர் ஆத்துமா என்கிறார். பௌத்தரோ அப்படியொரு நிலையான பொருளே இல்லை என்கிறார். இவற்றை ஒரு சொல்லாக்கிச் சமரசம் செய்ய நாங்கள் முயன்ற இரண்டு முறையும் பேச்சு வெறுமையாகிப் போனது. இப்போது அவரவர் சொல்லை அவரவரே விளங்கப்படுத்துகிறார்கள். அதிலேயே பாதி மெய்யியல் நடந்துவிடுகிறது.

வரும் போயா தினத்துக்கான கேள்வியை, பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் ஒரு மாணவி தந்திருக்கிறார். சிறு வயதில் தோழி ஒருத்திக்குத் தான் செய்த கொடுமையை அந்தத் தோழி அண்மையில் நினைவுபடுத்தியதாகவும், தனக்கு அது துளியும் நினைவில்லை என்றும் சொல்லிவிட்டு, அவர் கேட்டது இதுதான்: முற்றாக மறந்துபோன ஒரு செயலுக்கு நான் மன்னிப்புக் கேட்டால், மன்னிப்புக் கேட்பது யார்?

வணக்கம்.