எழுதாக் கடனும் இடித்த வீடும்

(யாழ்ப்பாணம், வலிகாமம் வடக்கில், ஒரு சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் ஓய்வுநிலை நீதிபதி ஐயா அவர்களே, ஆலயத் தர்மகர்த்தா அவர்களே, கல்லூரி அதிபர் அம்மா அவர்களே, பிரதேச சபை உறுப்பினர்களே, கிராம அலுவலர் தம்பி அவர்களே! மாலை வேண்டாம் என்று செயலாளரிடம் இரண்டு முறை சொன்னேன். மூன்று மாலை போட்டுவிட்டார். அவருக்கும் நன்றி. பந்தல் போட்ட இளைஞர்களையும் தேநீர் தந்த மாதர் சங்கத்தையும் மறந்தால் அடுத்த ஆண்டு என்னை அழைக்க மாட்டார்கள்.

போரில் படையினரால் அழிந்த வீடுவாசல்களுக்கான இழப்பீடு பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விடயங்கள் சொல்லப்போகிறேன். ஒன்று, நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. இரண்டு, நம் காணியில் படை இருந்த ஆண்டுகளுக்கான வாடகை. மூன்று, ஆதாரம்.

1987இல் புனர்வாழ்வு அதிகாரசபை வந்தது. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம் வந்தது. பெயர்ப்பலகையில் இழப்பீடு இருக்கிறது. நம் கைக்கு வருவது உதவித்தொகை. உதவி கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. இழப்பீடோ இடித்தவர் பட்ட கடன். இதை நீதிபதி ஐயா என்னைவிட அழகாகச் சொல்வார். கடன் என்றதும் என் தாயார் ஓயாமல் சொல்லும் பழமொழி வாயில் வந்துவிடுகிறது: எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

என் பெரியப்பாவை இங்கே மூத்தவர்கள் அறிவார்கள். கணக்குப் பைத்தியம். தேங்காய் பறித்தால் எழுதுவார், மாடு கன்று போட்டால் எழுதுவார், பெரியம்மா கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனால் அதையும் திகதியோடு எழுதுவார். 1990 ஜூனில் ஷெல் விழத் தொடங்கியபோது எல்லோரும் நகையைத் தேடினார்கள். அவர் காணி உறுதியையும் அந்தக் கொப்பியையும் சாரத்தில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். மருதனார்மடம் வரைக்கும் பெரியம்மா திட்டிக்கொண்டே நடந்தார். பிறகு முகாம், உறவினர் வீட்டுத் திண்ணை, வாடகைக் கொட்டில். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் படையிடமிருந்து காணி விடுபட்டது. போய்ப் பார்த்தால் நாற்சார் வீடு இருந்த இடம் வெறும் தரை. கிணறு தூர்ந்திருந்தது. ஒரு கல்கூட மிச்சமில்லை. போர் வீட்டை இடிக்கும், சரி. கல்லையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போகுமா?

விண்ணப்பத்தோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். "வீடு இருந்ததற்குப் படம் இருக்கிறதா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். "இருந்தது தம்பி. அந்த வீட்டுச் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது" என்றார் பெரியப்பா. அலுவலகமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கொப்பியை விரித்தார். தென்னை 41, பனை 18, பலா 3, கறுத்தக்கொழும்பான் மா 2. ஓடு எத்தனை, சீமெந்து எத்தனை மூட்டை, மேசனுக்குக் கொடுத்த கூலி எவ்வளவு, வேலிக் கதியால் எத்தனை. நான்காம் பக்கம் புரண்டபோது எதிரே இருந்தவர் பேனாவை எடுத்தார். "ஐயா, உட்காருங்கள்" என்றார். அதுவரை நாங்கள் நின்றுகொண்டுதான் இருந்தோம்.

கிடைத்த பணம் வாசற்கதவுக்குக்கூடக் காணாது. ஆனால் பக்கத்து வளவுக்காரருக்கு அதுவும் இல்லை. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, வென்ற வடபடை எடுத்த பொருளுக்கு விலை கேட்ட, வடக்கு அரசுக்கு விசுவாசமாக இருந்த தென்மாநிலத்தவரின் கோரிக்கைகளை ஆராய 1871இல் ஓர் ஆணைக்குழு அமைத்தார்கள். 22,298 கோரிக்கைகள். கேட்டது சுமார் 6 கோடி டொலர். கிடைத்தது சுமார் 46 இலட்சம். படை தின்ற சோளத்துக்கும் ஓட்டிப்போன குதிரைக்கும் காசு உண்டு, கொளுத்திய வீட்டுக்குக் கிடையாது. அங்கேயும் அப்படித்தான்! ஆனால் அடிமைகளாக இருந்தவர்கள்கூட அயலாரைச் சாட்சிக்கு அழைத்துத் தங்கள் குதிரையைப் பதிவு செய்தார்கள். அந்தத் தாள்கள் இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

நம் பக்கம் என்ன நடந்தது? 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். உரிமையாளர்கள் சில மைல் தூரத்து முகாம்களில் இருந்தார்கள். முல்லைத்தீவின் கேப்பாப்புலவிலோ, மக்கள் காணியில் இருந்த முகாமை வேறிடம் மாற்றப் படையினர் அரசிடம் கோடிக்கணக்கில் பணம் கேட்டார்கள். வீட்டைப் பறிகொடுத்தவருக்கு விண்ணப்பப் படிவம், வீட்டில் இருந்தவருக்கு இடமாற்றச் செலவு!

ஆகவே என் கோரிக்கை, எல்லாக் கூட்டத்திலும் சொல்வதுதான்: ஊர்ப் பதிவேடு. இன்னும் விடுபடாத காணிக்கும் சேர்த்து. எத்தனை பரப்பு, என்ன வீடு, எத்தனை கிணறு, என்ன மரம். அயலவர் இருவர் கையொப்பம். உறுதி தொலைந்தவர்களும் வாருங்கள், எல்லையையாவது சொல்லுங்கள். வளவின் நான்கு மூலையும் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். வாடகை பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன். சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு இந்த நிலையத்தில் எழுதத் தொடங்குகிறோம். கொப்பியும் பேனாவும் இருக்கின்றன. கையெழுத்து அழகான நான்கு பிள்ளைகளை அனுப்புவதாக அதிபர் அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார். இல்லையென்றால் இப்போதே சொல்லட்டும். சிரிக்கிறார். நல்லது, நான் அமர்கிறேன்.