1,150 ரூபாய் ஃபிளாஸ்க்கும் வியாழக்கிழமைக் கஞ்சியும்

வணக்கம் மக்களே. முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், இன்றைக்குக் கடுப்பில்தான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். இதோ, இந்த ஃபிளாஸ்க். ஸ்டீல், ஒரு லிட்டர், கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு கடையில் 1,150 ரூபாய். பஜ்ஜிக்கே பேரம் பேசுகிற ஆள் நான், உங்களுக்குத் தெரியும். "நாள் முழுக்கச் சூடு நிற்கும் தம்பி" என்றார் கடைக்காரர். சூடு நின்றது, கஞ்சிதான் நிற்கவில்லை. பாதி ஏற்றத்தில் முதுகில் என்னவோ வெதுவெதுவென்று இறங்குகிறது. பையைத் திறந்தால் கேமரா பேட்டரி கஞ்சியில் குளித்துக்கொண்டிருக்கிறது. பூண்டுக் கஞ்சி! அதுவும் நம் கொடைக்கானல் மலைப்பூண்டு, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அந்த வாசனை லேசில் போகுமா?

மூடிக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வாஷரே இல்லை. கடையில் கேட்டால், பில் எங்கே என்கிறார். பில்லே கொடுக்கவில்லையே ஐயா! கடைசியில் குக்கர் ரிப்பேர் அண்ணன் ஒரு டப்பா வாஷரைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஆறாவதைப் பொருத்தினார். 15 ரூபாய். தலைகீழாகப் பிடிக்கிறேன், பாருங்கள். சொட்டு விழுகிறதா? விழாது!

சரி, கஞ்சி யாருக்கு என்று புதிதாக வந்தவர்கள் கேட்பீர்கள். லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், தொடங்கியபோது ஒரு வீடியோவில் சொன்னேன். காபியை விட்டேன், கறியை விட்டேன் என்று எதையாவது விடுவதோடு லெந்து முடிந்துவிடுவது எனக்குப் பிடிக்காது. இந்த முறை எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எங்கள் தெருவுக்கு மேலே ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். லெந்து தொடங்குகிற சாம்பல் புதனுக்கு மறுநாளிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் வரை ஏழு வியாழக்கிழமை, காலை ஏழு மணிக்குக் கஞ்சி. அவ்வளவுதான் திட்டம். இன்றைக்குப் பதினேழாவது வாரம்.

சொல்ல மறந்துவிட்டேன், முதல் மூன்று வாரம் பாட்டி வாங்கவே இல்லை. "எனக்கென்ன கையில்லையா, காலில்லையா?" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். பைபிளில் யோவான் 13-ல் இயேசு சீலையைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால் கழுவ வரும்போது சீஷன் பேதுருவும் ஒத்துக்கொள்ளவில்லையே, அந்த மாதிரி. நான்காவது வாரம், "பைபிள்ல சங்கீதம் வாசிக்க எழுத்து தெரியலை, வாசித்துட்டுப் போ, அப்போ வாங்கிக்கிறேன்" என்றார். இப்போது நான் வாசிக்கிறேன், அவர் குடிக்கிறார், கிளம்பும்போது பையில் பிளம்ஸ் திணிக்கிறார். போன வாரத்து பிளம்ஸ் பல் கூசும் புளிப்பு. ஆனாலும் தின்றேன்.

பதினேழில் ஒன்று தவறியது. பன்னிரண்டாவது வாரம். மே மாதம், மழை வேறு, போர்வைக்குள்ளேயே கிடந்துவிட்டேன். ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். மறுநாள் போனால், திண்ணையில் பாட்டி கஞ்சி குடிக்கிற பித்தளை டம்ளர் கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. வியாழன் காலையிலேயே கழுவி வைத்தாராம். பாட்டி ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்றைக்குத்தான் டாக்டர் ஐடா ஸ்கடர் நினைவுக்கு வந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை, அதான் சி.எம்.சி.யை, 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தவர். கடைசிக் காலத்தை நம் கொடைக்கானலில்தான் கழித்தார், 1960-ல் இறந்ததும் இங்கேதான். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி வாரந்தோறும் வழியோர மரத்தடிகளுக்குப் போய் மருந்து கொடுத்தவர். இன்ன நாள், இன்ன இடம் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள். டாக்டருக்கு அன்றைக்கு உற்சாகம் இருந்ததா இல்லையா என்பதா அவர்களுக்குக் கவலை? "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்று மாற்கு 10:45-ல் வருகிறதே, அதுதான் அந்தக் கல்லூரியின் குறிக்கோள் வாசகம். அதைப் படித்து வளர்ந்தவன்தான் நானும், மே மாத மழைக்குப் போர்வையைத் தேடினவன்.

ஆரம்பத்தில் பெரிய பெரிய திட்டமெல்லாம் இருந்தது. தெரு முழுக்க, தினமும், சர்ச் இளைஞர் ஐக்கியத்தையே கூட்டிக்கொண்டு. ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது. இப்போது வியாழன் எனக்குப் பல் தேய்க்கிற மாதிரி ஆகிவிட்டது. அரிசியைப் புதன் ராத்திரியே ஊறப்போட்டுவிடுகிறேன். ஊறிய அரிசியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்க மனசு வராது.

அப்புறம் போன வீடியோவுக்குக் கீழே ஒருத்தர், "பாட்டியைக் காட்டுங்கள் ப்ரோ, வியூஸ் அள்ளும்" என்று எழுதியிருக்கிறார். காட்ட மாட்டேன். வலதுகை செய்கிறதை இடதுகை அறியக்கூடாது என்று மத்தேயுவில் இருக்கிறது. என் வலதுகையில் ஃபிளாஸ்க், இடதுகையில் நீங்கள்! இப்போதே பாதி குற்றவாளி நான். அதனால் ஃபிளாஸ்க்கைக் காட்டுவேன், வாஷரைக் காட்டுவேன், ஏற்றத்துக்குக் கீழே கேமரா அணைந்துவிடும்.

இன்றைக்குக் கொட்டியது போக அரை டம்ளர்தான் மிஞ்சியது. பாட்டி குடித்துவிட்டுச் சொன்னது, "உப்பு கம்மி தம்பி". அடுத்த புதன் மறந்துவிடுவேன், யாராவது கீழே எழுதி வையுங்கள், உப்பு.