லசான்யாவில் ஓடிய தண்ணீர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘கறி இல்லாத இத்தாலிய வீட்டுச் சாப்பாடு வயிற்றையும் மனதையும் நிறைக்குமா?’ என்பது இன்றைய தலைப்பு. நிறைக்காது என்று எதிரணி நண்பர் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார். அவர் சொன்னது மூன்று. கறி இல்லாவிட்டால் அது இத்தாலியச் சாப்பாடே இல்லை என்றார். பாஸ்தாத் தகடும் சாஸும் அடுக்கிச் சுடுகிற காய்கறி லசான்யாவைத் தட்டில் வைத்தால் ரசம் சாதம் மாதிரி ஓடுகிறது என்றார். ‘ஹெல்தி’ என்று பெயர் வைத்துவிட்டு அரை கிலோ சீஸைக் கொட்டுகிறார்கள் என்றார். மூன்றாவதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மட்டும் கைதட்டிவிடுங்கள், மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம்.

1982 அக்டோபர் 17 அன்று பொலோனியா வணிகக் கழகத்தில் ராகு என்ற கறிச் சாஸின் செய்முறையைப் பதிவு செய்தார்கள், அதில் மாட்டிறைச்சி 300 கிராம், பன்செட்டா என்ற உப்பிட்ட பன்றி வயிற்றுக்கறி 150 கிராம் இருக்கிறது என்று நண்பர் ஆதாரத்தோடு சொன்னார். மறுக்கவில்லை. பருப்பில் செய்ததை நான் பொலோனியா ராகு என்று அழைக்கவும் மாட்டேன். ஆனால் ஒரு நகரத்து விருந்துச் சமையலைக் காட்டி மொத்த நாட்டுக்கும் தீர்ப்புச் சொல்லலாமா? தஸ்கனியில் ரிபொல்லீத்தா: மிஞ்சிப்போன ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கருங்கீரை மாதிரியான ஒரு கோஸ் வகை. பெயருக்கே ‘மறுபடி கொதித்தது’ என்றுதான் பொருள். புல்யாவில் காய்ந்த மொச்சை வகையை மசித்து, கசப்புக் கீரையோடு தின்கிறார்கள். தெற்கே கத்தரிக்காயைத் தக்காளியும் சீஸும் வைத்து அடுக்கிச் சுடுகிற பார்மிஜானா. இவற்றிலிருந்து யாரும் கறியைப் பிடுங்கவில்லை. கறி வாங்க வக்கில்லாத வீட்டில் பிறந்த சாப்பாடு இது. இத்தாலியர்களே இதற்கு ‘ஏழைச் சமையல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கறி இல்லாவிட்டாலே ஆரோக்கியம் என்றும் நான் சொல்ல வரவில்லை. வெனெத்தோ பக்கத்து விவசாயிகள் மக்காச்சோளக் களியான போலெந்தாவை மட்டுமே தின்று பெல்லாக்ரா என்ற சத்துக்குறை நோயில் விழுந்தார்கள். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் சத்து நம் உடம்புக்கு எளிதில் கிடைக்காது. அதனால் போலெந்தா செய்தால் பக்கத்தில் பீன்ஸோ பருப்போ இருந்தாக வேண்டும்.

இப்போது அந்த ஓடிய லசான்யா. நடுவர் அவர்களே, நண்பர் தட்டில் பார்த்த நீர் எங்கிருந்து வந்தது என்று ஒருவராவது கேட்டீர்களா? காளானிலிருந்து வந்தது. கீரையிலிருந்து வந்தது. இரண்டிலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதை அடுப்பில் வற்றவைக்காமல் ஓவனுக்குள் அனுப்பினால் அது அங்கே போய்த்தான் வெளியே வரும்.

ஆறு பேருக்கு, 30க்கு 20 செ.மீ. தட்டு என்று வைத்துக்கொள்வோம். காளான் 300 கிராம். அகலமான வாணலி, நல்ல தீ, இரண்டு தேக்கரண்டி ஆலிவ் எண்ணெய். உப்பு போடாதீர்கள், மூடாதீர்கள், குவிக்காதீர்கள். போட்டவுடன் சொர்ரென்று பொரியும். இரண்டு நிமிடத்தில் அந்தச் சத்தம் அடங்கி, சளசளவென்று கொதிக்கிற சத்தமாக மாறும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் ‘வெந்துவிட்டது’ என்று அடுப்பை அணைக்கிறார்கள். அணைக்கக் கூடாது. அந்தச் சளசளப்பு வற்றி, மறுபடியும் பொரிகிற சத்தம் கேட்க வேண்டும், ஓரம் பழுப்பாக வேண்டும். கறிக்கு ஈடான அடித்தொண்டைச் சுவை பிறப்பது அந்த இரண்டாவது சத்தத்துக்குப் பிறகுதான். உப்பு அப்போது போடுங்கள்.

கீரை சேர்ப்பதானால் அரை கிலோ பசலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, ஆறியதும் இரண்டு கையாலும் பிழியுங்கள். ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். ‘இவ்வளவுதானா’ என்று வருத்தம் வந்தால் சரியாகப் பிழிந்திருக்கிறீர்கள்.

கறியின் இடத்துக்கு மீல்மேக்கரைக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. வேறொன்றைப் போல நடிக்கிற உணவு அது. தோலோடு இருக்கும் முழு மசூர் பருப்பு 200 கிராம் எடுங்கள். குக்கர் வேண்டாம், விசில் வந்தால் குழைந்து கூட்டாகிவிடும். திறந்த பாத்திரத்தில் 20, 25 நிமிடம் வேகவைத்து வடித்துவிடுங்கள். வெங்காயம் ஒன்று, காரட் ஒன்று, செலரித் தண்டு ஒன்று, மூன்றையும் பொடியாக நறுக்கி, இளந்தீயில் பதினைந்து நிமிடம் பொறுமையாக வதக்குங்கள். இந்த மூன்றும்தான் இத்தாலியச் சமையலுக்கு அடிப்படையான சொஃப்ரித்தோ. நண்பர் காட்டிய அந்தப் பொலோனியா பட்டியலிலும் இதே மூன்று இருக்கிறது, அதை மட்டும் வாசிக்காமல் விட்டுவிட்டார்! பிறகு அரை கிலோ பழுத்த தக்காளியை அரைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும் வரை சுண்டவிட்டு, பருப்பையும் காளானையும் சேருங்கள். மூன்றில் ஒரு பங்குப் பருப்பைக் கரண்டியால் மசித்துவிட்டால் சாஸ் தானாகக் கட்டிப்படும்.

வெள்ளை சாஸுக்கு ஆலிவ் எண்ணெய் 30 கிராம், மைதா 40 கிராம், பால் 600 மி.லி. போதும். மாவை எண்ணெயில் இரண்டு நிமிடமாவது வறுக்காவிட்டால் பச்சை வாசனை போகாது. கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு அழியாமல் நிற்க வேண்டும். லசான்யா தகடு கால் கிலோ, மொட்சரெல்லா சீஸ் 150 கிராம். அரை கிலோ அல்ல, 150. தண்ணீரில் மிதக்கிற புது மொட்சரெல்லா என்றால் நறுக்கி ஒரு மணி நேரம் வடிதட்டில் போடுங்கள். கணக்குப் போட்டால் ஆளுக்கு 25 கிராமை ஒட்டிப் புரதம் வருகிறது. வயிறு நிறையாது என்றவர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

கத்தரிக்காய் பார்மிஜானாவிலும் இதே கதைதான், அங்கே தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்துகொள்கிறது. கத்தரிக்காய்ச் சதை காற்றறைகள் நிறைந்த பஞ்சு. வாணலியில் ஊற்ற ஊற்றக் குடிக்கும். ஒரு கிலோவை ஒரு செ.மீ. கனத்துக்கு வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி, அரை மணி நேரம் கழித்துத் துணியில் ஒற்றி, மூன்று மேசைக்கரண்டி எண்ணெயை மட்டும் தடவி, 220 டிகிரியில் 25 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டுச் சுடுங்கள். வெளிறி இருந்தால் எடுக்காதீர்கள்.

பாஸ்தாவும் பீன்ஸும் போட்ட கெட்டி சூப்புக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. புள்ளி போட்ட ராஜ்மா 200 கிராமை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, முதல் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப்புரதம் வயிற்றைப் புரட்டிவிடும். தக்காளி பீன்ஸ் வெந்த பிறகுதான். முன்னாலேயே போட்டால் புளிப்பு தோலை இறுக்கிவிடும், இரண்டு மணி நேரம் ஆனாலும் கல் மாதிரி கிடக்கும்.

சீஸ் பற்றி எதிரணி கேட்க மறந்த கேள்வியை நானே கேட்கிறேன். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சைவமா? இல்லை. கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைக் கொண்டுதான் அதை உறையவைக்க வேண்டும் என்பது அதன் விதி. நுண்ணுயிர் ரென்னட்டில் செய்த வேறு கெட்டி சீஸ் வாங்கலாம். அதுவும் வேண்டாமென்றால் தென் இத்தாலி வழி இருக்கிறது: காய்ந்த ரொட்டித் தூளைப் பூண்டும் எண்ணெயும் சேர்த்துப் பொன்னிறமாக வறுத்துத் தூவுகிறார்கள். ‘ஏழைகளின் பார்மிஜானோ’ என்றே அதற்குப் பெயர்.

கடைசியாக அந்தத் தட்டுக்கே திரும்புகிறேன். லசான்யா 180 டிகிரியில் 40 நிமிடம், முதல் 25 நிமிடம் மூடி. வெளியே எடுத்தவுடன் கத்தி வைத்தால் எவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தாலும் சரியும், ஏனென்றால் சூட்டில் வெள்ளை சாஸ் இன்னும் இளகித்தான் இருக்கும். இருபது நிமிடம் அப்படியே வைத்துவிட்டு வெட்டுங்கள், அடுக்கு அடுக்காக நிற்கும். நண்பருக்கு அந்த இருபது நிமிடம் பொறுமை இருந்ததா என்று கேட்கலாமென்று பார்த்தால், நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நன்றி, வணக்கம்.