சங்ககிரி: வரிப்பணம் காத்த மலை

[காட்சி: விடியற்காலை. நெடுஞ்சாலையில் லாரிகள். பின்னால் மலை.]

சேலத்திலிருந்து கோவைக்குப் பஸ்ஸில் போன யாருக்கும் இந்த மலை தெரிந்திருக்கும். கிழக்கே நின்று பார்த்தால் சங்கு மாதிரி இருப்பதால் சங்ககிரி என்று பேர் வந்ததாகச் சொல்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து "அதோ கோட்டை" என்று கை காட்டிவிட்டுக் கடந்துபோகிற மலை. இன்றைக்கு அதில் ஏறப் போகிறோம். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பிவிடுங்கள், முழங்கால் வலி இருப்பவர்கள் அவசரப்படாமல் வாருங்கள்.

[காட்சி: அடிவாரம். தொல்லியல் துறையின் நீலப் பலகை.]

இந்தப் பலகையைக் கொஞ்சம் நின்று படியுங்கள். இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னம் என்று அறிவித்து, மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம். செங்கோட்டைக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் எந்தச் சட்டமோ, 1958ஆம் ஆண்டின் அதே சட்டம்தான் இதற்கும். அது தெரியாமல்தான் சுவரில் பேர் கிறுக்குகிறார்கள். ஆணியால் ஒரு இதயம், அதில் ஒரு அம்பு, கீழே இரண்டு எழுத்து. இதற்கு இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. தண்டனைக்குப் பயந்து வேண்டாம். எத்தனை பேருடைய உழைப்பு அந்தக் கல் என்று நினைத்தாலே கை கிறுக்கப் போகாது.

[காட்சி: கோட்டை வாசல்கள், ஒன்றன் பின் ஒன்றாக.]

ஒரு வாசலைத் தாண்டினால் இன்னொன்று. மேலே போகப் போக மதில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரே காலத்தில் கட்டி முடித்த கோட்டை இல்லை இது. விஜயநகர ஆட்சியில் தொடங்கி, மைசூர்க்காரர்கள் கைக்கு வந்து, கடைசி மதில்களை வெள்ளைக்காரர்கள் எழுப்பினார்கள் என்கிறார்கள். வழியில் பெருமாள் கோயில் இருக்கிறது, மசூதி இருக்கிறது, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் கட்டடம் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்சியும் தன் பங்குக்கு எதையோ விட்டுப் போயிருக்கிறது.

சரி, இவ்வளவு பேருக்கும் இந்த மொட்டைப் பாறை மேல் என்ன வேலை?

[காட்சி: தானியக் கிடங்கின் உள்ளே. வாசலிலிருந்து மட்டும் வெளிச்சம்.]

பதில் இங்கே இருக்கிறது. இது தானியக் கிடங்கு. உள்ளே வந்ததும் வெளியில் இருந்த வெயில் மறந்துபோகிறது. கொங்கு நாட்டு வரிப்பணத்தையும் தானியத்தையும் சேர்த்துவைத்துக் காவல் காத்த இடம் சங்ககிரி. சண்டைக்குத்தான் கோட்டை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இந்த இருட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்றபோது எனக்குத் தோன்றியது வேறு. சண்டை எப்போதோ ஒருநாள் வரும், வரி வருஷா வருஷம் வரும். கீழே காட்டில் விளைந்த கம்பும் சோளமும் இந்த மலைக்கு ஏறியதுதான் இந்தக் கோட்டையின் தினசரி வரலாறு.

தீரன் சின்னமலையின் கதையும் வரியில்தான் தொடங்குகிறது. 1756இல் காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் பிறந்த தீர்த்தகிரி அவர். மைசூருக்குப் போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்து, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல்" என்று அனுப்பினாராம். இது வாய்வழியாக வந்த கதை. ஆனால் எங்கள் பக்கத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது.

அப்புறம் நடந்ததை நிதானமாகக் கேளுங்கள். மைசூர் வரியைப் பறித்தவர் என்று பேர் வாங்கிய அதே சின்னமலை, பின்னால் திப்பு சுல்தானோடு சேர்ந்து கம்பெனிப் படையை எதிர்த்துப் போரிட்டார். வரி வாங்குபவர் மைசூரில் இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர். கப்பலில் வந்தவன் வாங்குவது வேறு கணக்கு. அவர் அப்படித்தான் எடை போட்டிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

[காட்சி: மேற்கே பார்க்கும் கொத்தளம். காவிரி இருக்கும் திசை.]

இங்கே நின்று மேற்கே பாருங்கள். அந்தப் பக்கம்தான் காவிரி. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் சேலம் சீமையைத் திப்பு கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. கோவைச் சீமை அவரிடமே இருந்தது. அதனால் ஏழு வருஷம் காவிரி ஒரு எல்லைக்கோடு. இந்தக் கரையில் குமாரபாளையம் கம்பெனிக்கு, அந்தக் கரையில் பவானி திப்புவுக்கு. நாம் இன்று பாலத்தில் பைக்கில் இரண்டு நிமிடத்தில் கடக்கிற ஆறு. 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்ததும் அந்தக் கரையும் கம்பெனி கைக்குப் போனது.

சின்னமலை அடங்கவில்லை. அரச்சலூர் பக்கம் ஓடாநிலையில் கோட்டை கட்டினார். 1801இல் காவிரிக் கரையில், 1802இல் ஓடாநிலையில், 1804இல் அரச்சலூரில் என்று மூன்று முறை கம்பெனியோடு மோதினார். கட்டபொம்மனை 1799இலும் மருது சகோதரர்களை 1801இலும் தூக்கிலிட்டு முடித்துவிட்டது கம்பெனி. அதற்குப் பிறகும் இவர் இங்கே நின்றார். கடைசியில் பிடித்துக்கொண்டுவந்தது இந்த மலைக்கு. 1805 ஜூலை 31 அன்று தம்பிகளோடு அவரைத் தூக்கிலிட்டார்கள்.

[காட்சி: மலை உச்சி. காற்றுச் சத்தம் மட்டும். பத்து விநாடி பேச்சு இல்லை.]

அந்த நாள் ஆடி 18. எங்களுக்கு அது ஆடி நோம்பி, ஆற்றுக்குப் போகிற நாள். அதே நாளில் இந்த மலைக்கு மாலையோடு ஏறுகிறவர்களும் உண்டு. (இப்போது ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வருகிறது. நம் பஞ்சாங்கமும் ஆங்கிலக் காலண்டரும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போவதால் வந்த வித்தியாசம் இது.)

[காட்சி: மேசை மேல் இரும்புப் பெட்டி. பழைய ரசீதுகள்.]

மலையை விட்டு என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுக்கு வருவோம். இது அவருடைய பெட்டி. உள்ளே நிலவரி ரசீதுகள், சணல் கயிற்றில் கோத்து வைத்தது. அப்புச்சி அதைக் கந்தாயம் என்றுதான் சொல்வார். "கந்தாயம் கட்டாத காடு நம்ம காடில்ல கண்ணு" என்பார். ரசீதில் ஃபசலி என்று ஒரு ஆண்டு. அது ஜூலையில் தொடங்குகிற வருவாய்த் துறைக் கணக்கு, முகலாயர் காலத்தது. கிஸ்தி (தவணையாகக் கட்டும் நிலவரி), ஜமாபந்தி (வருஷா வருஷம் நடக்கும் கிராம வருவாய்க் கணக்குச் சரிபார்ப்பு), தாசில்தார் எல்லாம் அந்த வழியில் வந்த சொற்கள்தான். பக்கத்தில் சர்வே நம்பர். 1792க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் சேலம் சீமையில் வயல் வயலாக அளந்து, விவசாயியிடமே நேரடியாகத் தீர்வை போட ஆரம்பித்தார்கள். பிற்பாடு மன்றோ சென்னை மாகாண கவர்னர் ஆனபோது அதுவே ரயத்துவாரி முறையாகப் பரவியது.

இத்தனை ஆட்சியும் என் அப்புச்சியின் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கிறது. கோட்டைக்குப் போய்வந்த அன்றைக்குத்தான் அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

[காட்சி: மலையடிவாரம். சங்ககிரி ஊர். தாலுகா அலுவலகம்.]

இறங்கிவிட்டோம். சங்ககிரி இன்றும் தாலுகா தலைநகரம். ஒவ்வொரு வருஷமும் இங்கே ஜமாபந்தி நடக்கிறது. டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் இறங்குகிறார். மஞ்சப்பையில் பட்டா நகல், சிட்டா, ஒரு மனு. பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மலையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அலுவலகத்துக்குள் போகிறார்.