முளைக்கு 9 ரூபாயா? கடற்கரை சைட்டில் நம்ம பொள்ளாச்சி காயர் பாய்

வணக்கமுங்க. நேற்று ராத்திரிதான் கடற்கரை ரிசார்ட் சைட்டிலிருந்து பொள்ளாச்சி வந்து சேர்ந்தேன். பின்னால் கேட்கிற சத்தம் நம்ம நார் மெஷின். நிறுத்தச் சொன்னால் அப்பா திட்டுவார், பொறுத்துக்குங்க.

முதலில் சந்தோஷ சமாச்சாரம். போன லோடில் அனுப்பிய, சதுர மீட்டருக்கு 700 கிராம் எடையுள்ள காயர் பாய், அதாவது தென்னை நார்ப் பாய், அத்தனை மழையிலும் மணல்மேட்டைச் சரியாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறது. திரையில் பாருங்க, பாயின் கண்ணுக்குள்ளே, கடற்கரை மணலில் படர்கிற அடப்பங்கொடி தலை நீட்டுகிறது! பாய் சில வருடத்தில் மக்கிப்போகும்; அதற்குள் கொடி வேர் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கடலோர ஒழுங்குமுறை விதிப்படி ரிசார்ட்காரர்கள் மணல்மேட்டைச் சமப்படுத்தவே கூடாது. நமக்கு இந்த ஆர்டர் வந்ததே அதனால்தான்.

இப்போது வயிற்றெரிச்சல். முளை! பாயை இழுத்துத் தரையில் அடிக்க மூங்கில் முளைக்குச்சிதான் வாங்கச் சொல்லி ரிசார்ட்காரர்களிடம் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் இரும்புக் கொக்கி. உப்புக்காற்றில் துருப்பிடித்து, தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. ஏனுங்ணா இப்படி என்று கேட்டால், மூங்கில் முளை ஒன்று 9 ரூபாய் சொன்னார்களாம். 9 ரூபாயா! நம்மூரில் 4 ரூபாய்க்கு முனை சீவிக் கட்டுப் போட்டே தருகிறார்கள். சதுர மீட்டருக்கு இரண்டு முளை என்று வைத்தாலும்... சரி, விடுங்க. இல்லை, விட முடியவில்லை. பாய்க்கு லட்சக்கணக்கில் கொடுப்பார்களாம், முளையில் மிச்சம் பிடிப்பார்களாம்!

கட்டடம் ஓடுகிறது. மேல்தளத்துக்கு ரூஃப் கான்கிரீட் போட்டாயிற்று, சென்ட்ரிங் இன்னும் பிரிக்கவில்லை. உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால் இரண்டு தளத்தோடு சரி. கடல் பெருகும்போது தண்ணீர் எட்டுகிற உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கவும் தடை. தண்ணீர் லாரியில்தான் வருகிறது.

அட, தூசி அளக்கிற பெட்டியைச் சொல்ல மறந்துவிட்டேன். அதைக் கடல் பக்கம் வைத்திருக்கிறார்கள். பகலில் காற்று கடலிலிருந்து ஊரைப் பார்த்து வீசுகிறது. தூசியெல்லாம் மீனவர் குப்பத்துக்குப் போய்விடுகிறது, பெட்டி பாட்டுக்குச் சுத்தமான கடல்காற்றை அளந்துகொண்டிருக்கிறது. பிஎம் 10 என்கிற நுண்தூசிக்கு 24 மணி நேரச் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம்தான் வரம்பு. இங்கே அதில் பாதிகூட வரவில்லை என்று சைட் இன்ஜினியர் பெருமையாகக் காட்டினார். வராதுங்ணா, எப்படி வரும்? குப்பத்துப் பக்கம் ஒரு பெட்டி வைத்துப் பாருங்க என்றேன். சிரித்தார். அரையாண்டு அறிக்கைக்கு முன்னால் வைத்துவிடுவாராம். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒன்றை மட்டும் பாராட்டியே ஆகவேண்டும். பங்குனி ஆமை முட்டையிட வருகிற கரை அது. வெளிச்சம் தெரிந்தால் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்து நடக்கும். அதனால் ஃபோகஸ் லைட்டுக்கெல்லாம் கடல் பக்கம் தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள்.

அடுத்த லோடு வெள்ளிக்கிழமை கிளம்புகிறது. முளையையும் நானே ஏற்றிவிடுகிறேன். 4 ரூபாய்க்குக் கீழே யாராவது தருவதாக இருந்தால் கமெண்டில் போடுங்க.