கப்பி வாலைக் கடிச்சது யாரு? புது டேங்க்ல எந்த மீனோட எந்த மீன் சேரும்

[கண்ணாடியை ஒட்டி கேமரா. ஒரு கப்பி மெதுவாத் திரும்புது.]

இந்த கப்பியோட வாலைப் பாருங்க. ஆடு கடிச்ச வாழையில மாதிரி இருக்கா? காலைல நான் வேலைக்குப் போகும்போது இது முழு வாலு. மத்தியானம் அம்மா போன் போட்டு, “மக்களே, உன் மீனுக்கெல்லாம் துணி கிழிஞ்சு கெடக்கு, வந்து பாரு”ன்னா. வந்து எண்ணிப் பாத்தா ஒம்பது கப்பியில ஏழுக்கு வாலு பாதிதான் இருக்கு. செஞ்சது யாரு? அந்தா, செடிக்குப் பொறத்தால, ரெண்டு கண்ணையும் ரெண்டு திசைக்கு உருட்டிக்கிட்டு ஒண்ணுந்தெரியாத பிள்ளை மாதிரி நிக்குதே, அந்தப் பட்டாணிப் பய, பீ பஃபர் மீன்தான்.

வணக்கம் மக்களே. குமரி மேற்குல ஒத்தப் பிள்ளையைக்கூட “மக்களே”ன்னுதான் கூப்பிடுவோம். அதனால இந்த வீடியோவை நீங்க ஒருத்தர் மட்டும் பாத்தாலும் இந்த வணக்கம் செல்லும்.

களியக்காவிளை தாண்டி கேரளா பக்கம் போனா “அலங்கார மத்ஸ்யம்”னு போர்டு வச்ச கடைங்க இருக்கு. அதுல ஒண்ணுலதான் இந்தப் பட்டாணிப் பயலை வாங்கினேன். கப்பியோட விடலாமான்னு கேட்டேன். “பாவமாணு, ஒந்நும் செய்யில்ல”ன்னாரு, சாது, ஒண்ணும் செய்யாதுன்னு அர்த்தம். பாவம் யாருக்குன்னு அவரு சொல்லல, நானும் கேக்கல.

சரி, முதல்ல போரடிக்கிற பகுதி, ஓட்டமா ஓடிருவோம். புதுத் தொட்டியில தண்ணி ஊத்துன அன்னைக்கே மீன் விடாதீங்க. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை நைட்ரைட்டாவும், அதை நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா ஃபில்டர்ல குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். குளோரின் போட்ட பைப்புத் தண்ணின்னா மருந்து விட்டு குளோரினை எடுத்துட்டு ஊத்துங்க. அவ்வளவுதான். இதைப் பத்தி ஆயிரம் வீடியோ இருக்கு.

அடுத்தது தண்ணி. இதுக்கு டெஸ்ட் கிட் வாங்குறது நல்லது, ஆனா அதுக்கு முன்னால வீட்டுல வெந்நீர் போடுற அண்டாவுக்குள்ள எட்டிப் பாருங்க. சுவத்துல வெள்ளையா உப்பு படிஞ்சிருந்தா உங்களுது கடினத் தண்ணி. வள்ளியூர்ப் பக்கம் போர் போட்டவங்க அண்டாவைச் சொரண்டிச் சொரண்டியே கை ஓஞ்சு போயிருப்பாங்க. அவங்களுக்கு கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் ஜம்முனு வரும். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் வெட்டுகல் கிணத்துத் தண்ணி பொதுவா மென்மையா, கொஞ்சம் அமிலப் பக்கமா இருக்கும். அதுக்கு டெட்ரா, ராஸ்போரா, செர்ரி பார்ப் இதெல்லாம் ஏத்தது. தண்ணியை மீனுக்கு ஏத்தாப்புல மாத்துறேன்னு பொடி வாங்கிக் கலக்குற ஆளுங்களை நான் பாத்திருக்கேன். கிணறு பக்கத்துல இருக்கு, பொடி கடையில இருக்கு. எது கடைசி வரைக்கும் வரும்னு நீங்களே யோசிச்சுக்கிடுங்க.

இப்போ நம்ம பட்டாணிப் பயலுக்கு வருவோம். எடிட் பண்ற தம்பி இந்தப் பகுதியைக் குறைக்கச் சொன்னான். குறைக்க மாட்டேன்.

கடையில இதுக்கு பீ பஃபர்னு பேரு, பீன்னா இங்கிலீஷ்ல பட்டாணி. நம்ம கடக்கரையில பேத்தைன்னு சொல்லுவோமே, வலையில வந்தா தூக்கி வெளிய எறிவாங்க, வயித்தை ஊதிக்கிட்டுக் கெடக்கும். அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் இது. ஆனா நல்ல தண்ணியிலயே பொறந்து, அங்கயே வாழ்ந்து முடிக்குற ஜாதி. முழுசா வளந்தாலும் மூணரை சென்டிமீட்டரைத் தாண்டாது. உலகத்துலயே ரொம்பச் சின்ன பேத்தைகள்ல ஒண்ணு. கேரளத்து ஆறுகள்லயும் கர்நாடகத்தோட தெற்குலயும் மட்டும்தான் இதுக்குச் சொந்த ஊரு.

இதோட அறிவியல் பேரைக் கேளுங்க: காரினோடெட்ரோடான் டிராவன்கோரிகஸ். டிராவன்கோர், அதாவது திருவிதாங்கூர்! ஹோரா, நாயர்னு ரெண்டு பேரு 1941-ல இதை விவரிச்சு எழுதி இந்தப் பேரை வச்சாங்க. அன்னைக்கு நம்ம கல்குளம், விளவங்கோடு தாலுகா எல்லாம் திருவிதாங்கூருக்குள்ளதான் இருந்துச்சு. 1956 நவம்பர் 1-ல நாம தமிழ்நாட்டுக்கு வந்துட்டோம், மீனு பேரு அங்கனயே நின்னுபோச்சு. இது எனக்குத் தெரிஞ்ச அன்னையில இருந்து அவன் மேல கோவப்பட முடியல. வீட்டுல அவனுக்குத் திவான்னு பேரு வச்சாச்சு.

திவானோட வாயைப் பாருங்க. கேமராவை இன்னும் கிட்டக் கொண்டு வா தம்பி. கிளி மூக்கு மாதிரி தெரியுதா? மேல ரெண்டு, கீழ ரெண்டு, ஆக நாலு பல்லு. இந்தக் குடும்பத்துக்கே நாலுபல்லுன்னுதான் கிரேக்கத்துல பேரு. அந்தப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும். ஓடுள்ள நத்தையைக் கடிச்சுக் கடிச்சுத் தேயணும். அதனால கண்ணுக்கு முன்னால எது ஆடினாலும் ஒரு கடி கடிச்சுப் பாக்கணும்னு இவனுக்குத் தோணும். கப்பி வாலு நாள் முழுக்க ஆடிக்கிட்டே இருக்கும். அவனைக் குத்தம் சொல்லி என்ன பிரயோசனம்? பலகாரத் தட்டை மூஞ்சிக்கு முன்னால ஆட்டுனது நான்.

கண்ணைப் பாருங்க, ஒண்ணு என்னைப் பாக்குது, ஒண்ணு நத்தையைப் பாக்குது. நத்தையைச் சுத்தி வந்து, நின்னு, தலையைச் சாச்சு யோசிப்பான். அப்புறம் டக்குனு ஒரு அடி. பகல்ல வேட்டை, ராத்திரி தூக்கம். அதான் அந்தக் கொலையெல்லாம் பட்டப்பகல்ல நடந்துச்சு.

இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது என்னன்னா, மீன் சின்னதா இருந்தா சாதுன்னு நினைக்காதீங்க. வாய் எப்படி இருக்கு, ஆத்துல குளத்துல அது என்ன தின்னும், இந்த ரெண்டையும் பாருங்க. இதே கணக்குலதான் ஃபைட்டர் மீனும். ஆண் ஃபைட்டருக்கு எதிராளின்னா நீள வாலும் பளபளப்புக் கலரும். ஆண் கப்பிக்கு ரெண்டுமே இருக்கு. ஃபைட்டர் அதை இன்னொரு ஃபைட்டர்னு நினைச்சு சேவலா சிலுத்துக்கிட்டு நிக்கும். டைகர் பார்ப் இன்னொரு ரகம். ரெண்டு மூணு மட்டும் விட்டா பக்கத்து மீனோட செதிலையும் வாலையும் பிச்சு எடுத்துரும். எட்டுப் பத்தா விட்டா தங்களுக்குள்ளயே யாரு பெரியவன்னு மல்லுக்கட்டிக்கிட்டு மத்தவங்களை மறந்துரும். எங்க வீட்டுக் கல்யாணத்துல மாமன் மச்சான்மாரு பந்தியில நடந்துக்கிடுத மாதிரி.

இந்த இடத்துல ஒரு லைக்கைத் தட்டிருங்க. தட்டலன்னா திவானை உங்க வீட்டுத் தொட்டிக்கு அனுப்பி வச்சிருவேன்.

அடுத்தது சைஸு. கடையில நமக்குக் காட்டுறது இடிச்சக்கை, அதான் பிஞ்சுப் பலாக்கா. வீட்டுக்கு வந்தப்புறம்தான் அது முழுசா வளந்த வருக்கச் சக்கை ஆகும். ரெண்டு இஞ்சு ஆஸ்கர் குட்டி நாய்க்குட்டி மாதிரி கைக்குப் பின்னாடியே வரும், பாத்தா யாருக்கும் ஆசை வரும். அது ஒரு அடிக்கு வளர்ற மீன், வாய்க்குள்ள அடங்குற எதையும் முழுங்கிரும். ஏஞ்சல் 15 சென்டிமீட்டர் வரும். நியான் டெட்ராவோட குட்டியில விட்டா ஆறு மாசம் ஒத்துமையா இருக்கும், அப்புறம் ஒரு நாள் காலைல எண்ணுனா நியான் குறையும். அப்புறம் சக்கர். டேங்க் கிளீனர்னு சொல்லி எல்லா கடையிலயும் தலையில கட்டுவாங்க. விரல் நீளத்துல வாங்குறது முழங்கை நீளத்துக்குப் போகும். கண்ணாடிப் பாசியைத் திங்குறதை விட அது போடுற கழிவு அதிகம். என்னைக் கேட்டா, தொட்டியைச் சுத்தம் பண்றதுக்குன்னு கடவுள் படைச்சது ஸ்பாஞ்சும் உங்க கையும்தான்.

ஒரு லிட்டருக்கு இத்தனை இஞ்சு மீனுன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. நம்பாதீங்க. ஒரு இஞ்சு மீனை விட நாலு இஞ்சு மீனு நாலு மடங்கு இல்ல. நீளம், அகலம், உயரம் மூணும் நாலு மடங்கு, அப்போ 4×4×4, 64 மடங்கு உடம்பு. தீனியும் கழிவும் நாலு மடங்கோட நிக்காது. ரெண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி தொட்டியில கணக்குப்படி 56 லிட்டர் கொள்ளும். மணலு, மேல விடுற இடைவெளி போக 45 லிட்டர்தான் உண்மையான தண்ணி. அதுல பெரிய மீனுக்கு எடமே இல்ல.

“அப்போ மிஸ் கேரளா விடலாமா அண்ணே, நம்ம பக்கத்து மீனுதானே”ன்னு போன வீடியோவுல நிறைய பேரு கேட்டிருந்தீங்க. செவப்புக் கோடும் கறுப்புக் கோடும் போட்ட அழகி, ஒத்துக்கிடுதேன். 1865-ல பிரான்சிஸ் டேங்கிற மீன் ஆராய்ச்சியாளர், அன்னைக்கு மதராஸ் கவர்னரா இருந்த டெனிசன் பேரை அறிவியல் பேருல வச்ச மீன். ஆனா அது ஓடுற ஆத்துல கூட்டமா நீந்துற மீன், 15 சென்டிமீட்டர் வளரும். நாலு அஞ்சு அடித் தொட்டி இல்லாதவங்களுக்கு அது கிடையாது. அழியுற நிலையில உள்ள மீன் வேற. ஆத்துல பிடிச்சதைத் தொடவே தொடாதீங்க, பண்ணையில குஞ்சு பொரிச்சதுன்னு உறுதியாத் தெரிஞ்சா மட்டும் யோசிங்க.

அப்போ எதைத்தான் விடுறது? மென்மையான கிணத்துத் தண்ணிக்காரங்க ரெண்டடித் தொட்டியில எட்டு செர்ரி பார்ப், கீழ மணல்ல மேயுறதுக்கு அஞ்சு கோரிடோராஸ். செர்ரி பார்ப் நம்ம கடலுக்கு அந்தாண்ட இலங்கைக்காரன். கடையில வெளுத்துப் போய் நிக்கும், யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. செடி போட்டு ஒரு மாசம் விட்டுப் பாருங்க, ஆண் மீனு வத்தல் மொளகா நெறத்துக்கு வந்துரும். கடினத் தண்ணிக்காரங்க ஆண் கப்பி மட்டும் எட்டு வாங்குங்க. பொம்பள கப்பி ஒண்ணு சேந்தாலும் மாசத்துக்கு ஒரு பிரசவம். கடையிலயே கூடிட்டு வந்திருக்கும், ஆண் வாடையே இல்லாம மாசக்கணக்குல குட்டி போடும். அப்புறம் குட்டியை பக்கத்து வீட்டுக்காரன் தலையில கட்டுறதுக்குன்னே நீங்க ஒரு சேனல் ஆரம்பிக்கணும். எல்லாத்தையும் ஒரே நாள்ல விடாதீங்க, ஒரு கூட்டம் விட்டு ரெண்டு வாரம் கழிச்சு அடுத்த கூட்டம். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணிக்காரன், மேல சொன்ன எதோடயும் சேராது.

சேரலன்னா? இதுக்கு மட்டும் கொஞ்சம் கண்டிப்பாச் சொல்லுதேன். குளத்துலயோ ஆத்துலயோ கொண்டு போய் விடாதீங்க. சக்கர் இப்போ கேரளத்துலயும் தமிழ்நாட்டுலயும் குளங்கள்ல குடும்பமே நடத்துது. 2018 வெள்ளத்துல வளப்புத் தொட்டியில இருந்து தப்பிச்ச அரபைமா, அலிகேட்டர் கார் மாதிரி வெளிநாட்டு ராட்சத மீனெல்லாம் கேரளத்து ஆறுகள்ல வலையில வந்துச்சு. அமேசானோட அரபைமா கேரளத்து ஆத்துல! கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுங்க. காசு தராட்டியும் பரவால்ல.

[வேறொரு சின்னத் தொட்டி. செடி நெறைய.]

கப்பிக்கு வாலு திரும்ப வளருது, தண்ணியை மட்டும் சுத்தமா வச்சிருக்கேன். இது திவானோட தனி அரண்மனை. அவரு ஒருத்தருதான். இந்தா, இந்த பாட்டில்ல இருக்குறது செடியோட ஒட்டிட்டு வந்த குட்டி நத்தைங்க, அவருக்காகவே வளக்குறோம். அம்மாதான் தீனி போடுற ஆளு. மொதல்ல “இந்தச் சனியனைக் கொண்டு களைஞ்சிரு”ன்னா. இப்போ காலைல காப்பி போடுறதுக்கு முன்னால நத்தை போட வர்றா.

அம்மா, இன்னும் ஒண்ணு போடு. மக்களே, வால்யூமைக் கூட்டி வைங்க, ஓடு ஒடையுற சத்தம் இப்போ கேக்கும்.