ராத்திரி எட்டு மணிக்கு மேல் நான் யாருடைய ஆள்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், இந்தத் தை மாதக் குளிரில் குல்லாவும் கம்பளியுமாக உட்கார்ந்திருக்கும் குமுளி மக்களுக்கும் வணக்கம். 'வேலைக்காகப் போன ஊரில் நன்றாக உண்டு, குடித்து மகிழ்வது தகுமா, தகாதா?' என்பது தலைப்பு. தகாது என்று எதிரணியில் மூன்று பேர் பேசிவிட்டார்கள். தகும் என்று பேச என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். என் வயிற்றைப் பார்த்துத்தான் பொறுக்கினார்கள் போல.

நான் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் வாங்கலும் வசூலும் பார்க்கிறவன். வாரத்தில் நாலு நாள் மலையில்தான். கேரளத்துப் புத்தடியில் ஏலக்காய் ஏலம் என்றால் கம்பம்மெட்டு வழியாக ஏறிவிடுவேன். வசூலுக்கு இதே குமுளியில் பஸ் பிடித்து வண்டிப்பெரியாறு, பீர்மேடு, முண்டக்கயம் தாண்டிக் கோட்டயம் இறங்குவேன். ஆகவே இது எனக்குத் தலைப்பு இல்லை ஐயா, பிழைப்பு.

எதிரணி அக்கா முதலில் காசைப் பற்றிப் பேசினார். முதலாளி கொடுக்கிற பேட்டாவை மிச்சம் பிடிக்காமல் நட்சத்திர ஓட்டலில் தின்று தீர்ப்பவன் குடும்பத்துக்கு ஆக மாட்டான் என்றார். அக்கா, மிச்சம் பிடித்த ஆள்தான் நானும். சேர்ந்த முதல் ஆறு வருஷம் காலையில் டீ, பன். மத்தியானம் டீ, வடை. ராத்திரி லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து பொரை பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றேன். பேட்டாவில் பாதி வீட்டுக்குப் போனது. ஏழாவது வருஷம் வயிற்றில் புண். தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார்கள். மருந்து, பத்தியம், பதினைந்து நாள் சம்பளமில்லா விடுப்பு. ஆறு வருஷ மிச்சம் எந்தக் கணக்கில் போனது என்று உங்களுக்கே தெரியும்.

உடம்பு கெடும் என்ற இரண்டாவது பேச்சாளருக்கும் இதுதான் என் பதில். நின்றுகொண்டே அள்ளிப் போட்டால்தான் உடம்பு கெடுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காலை ஐந்து மணிக்குப் போடியில் கிளம்பினால் நான் கடைக்காரன். ஏலத்தில் என் கண், கை, மூக்கு மூன்றும் முதலாளியுடையவை. சாம்பிள் பாக்கெட் வரும். தட்டில் கொட்டிப் பச்சை நிற்கிறதா, காய் உருண்டிருக்கிறதா, லிட்டருக்கு 400 கிராம் நிற்குமா என்று பார்த்து, ஒரு காயைப் பிளந்து மோந்து, அடுத்த பாக்கெட் வருவதற்குள் கம்ப்யூட்டரில் விலையைத் தட்ட வேண்டும். சாயங்காலம் வரை போன் அடித்துக்கொண்டே இருக்கும். எட்டு மணிக்குத்தான் நிற்கும். அந்த எட்டிலிருந்து ஒன்பது வரை நான் யாருடைய ஆள்? முதலாளி தூங்கப் போய்விட்டார். வீடு மலைக்கு அந்தப் பக்கம். அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் எனக்கென்று மிஞ்சுகிறது. அதையும் பிஸ்கட்டுக்குக் கொடுத்துவிடு என்கிறது எதிரணி. முடியாது என்கிறோம் நாங்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வேன் என்று கேளுங்கள். கோட்டயத்திலிருந்து குமரகம் போகிற வழியில், வாய்க்கால் ஓரமாக ஒரு கள்ளு ஷாப்பு. உள்ளே தடுப்புத் தடுப்பாக மேசைகள். கறுத்த மண்சட்டியில் மீன்குழம்பு வரும். இன்றைக்கு வைத்தது வேண்டாம், நேற்று வைத்தது இருந்தால் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். ஒரு ராத்திரி ஊறினால்தான் கொடம்புளி என்கிற அந்தக் கறுத்த காய்ந்த புளி மீனுக்குள் இறங்கும். ஓரத்தில் சிவப்பு எண்ணெய் பிரிந்து நிற்கும். பக்கத்தில் கப்பை. அதை வேகவைத்து, முதல் தண்ணீரைக் கொட்டி, தேங்காய், மஞ்சள், பூண்டு, பச்சை மிளகாய் சேர்த்து மசித்திருப்பார்கள். நாம் மரவள்ளி என்று ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புகிற அதே கிழங்குதான். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் ஊக்கிப் பரப்பிய பயிர், பஞ்சத்தில் ஏழைகளைக் காப்பாற்றிய கிழங்கு. நல்ல சாப்பாடு என்றாலே நட்சத்திர ஓட்டல் என்று அக்கா ஏன் நினைத்தார் என்று எனக்குப் புரியவில்லை. கப்பையும் மீனும் என் பேட்டாவுக்குள் அடங்குகிற சாப்பாடு.

சரி, கள். மூன்றாவது பேச்சாளர் வள்ளுவரைக் கூட்டிவந்து நிறுத்திவிட்டார். 93ஆம் அதிகாரம், கள்ளுண்ணாமை. அதை மறுக்க எனக்கு வாய் கிடையாது. குடித்துக் குடும்பம் அழிந்த வீடுகள் என் தெருவிலேயே இருக்கின்றன. ஆனால் அய்யன் அத்தோடு நிற்கவில்லையே. 94 சூது, அதைத் தாண்டி 95இல் மருந்து. அதில் முந்தைய உணவு செரித்தபின் அளவறிந்து உண் என்கிறார். வெளியூர் போனால் வாயைத் தைத்துக்கொண்டு வா என்று எங்கேயும் சொல்லவில்லை. வண்டி ஓட்டுகிற நாளில் நான் ஒரு சொட்டும் தொடுவதில்லை. லோயர் கேம்ப் மலைப்பாதை வளைவுகளில் இறங்கியவர்களுக்குக் காரணம் தெரியும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கத் தடை. இந்த எல்லையில் ஒரே ஜாதித் தென்னைதான் இரண்டு பக்கமும் நிற்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் பாளை சீவினால் கேஸ், இந்தக் கேரளப் பக்கம் சீவினால் லைசென்ஸ். காலையில் இனிப்பாக இறங்கியது மத்தியானம் நுரைத்துக் கடுக்கும், மறுநாள் புளித்துக் காடியாகும். பொழுதுக்குப் பொழுது மாறுகிற அந்தப் பானத்தை மீன்குழம்போடு உட்கார்ந்து ஒரு கோப்பை குடிக்கிறவன் வேறு, மூலைச் சுவரில் சாய்ந்து மூச்சுப் பிடித்துக் கவிழ்க்கிறவன் வேறு. இரண்டாமவனுக்கு ருசியே தெரியாது. அவனை எங்கள் அணியில் சேர்க்காதீர்கள், ஐயா.

வேலைக்காக ஊர் ஊராகப் போன பழைய தமிழர்கள் யார்? பாணர்களும் பொருநர்களும். யாழைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர்கள். நல்லியக்கோடன் என்ற மன்னனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு வழி சொல்கிறது சிறுபாணாற்றுப்படை. வழி மட்டுமா சொல்கிறது? கடற்கரையில் பரதவர் வீட்டில் பழைய தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும், வேடர் குடியில் புளிச்சோறும் ஆமான் சூடும், வயலூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும் என்கிறது. ஊர் வரும்போதெல்லாம் ஒரு சாப்பாடு! கரிகாலன் விருந்தில் இரவு பகலாக இறைச்சி தின்ற பொருநன் ஒருவனின் பல், கொல்லையை உழுத கொழுவைப் போல மழுங்கிப் போனதாம். அந்தப் பேட்டாவை யாரும் தணிக்கை செய்யவில்லை.

எதிரணித் தம்பி ஒருவர் கேட்டது மட்டும் எனக்கு உறைத்தது. விடியுமுன் கம்பத்திலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிற பெண்களும் வேலைக்காகப் பயணம் போகிறவர்கள்தானே, அவர்களுக்கு ஏது கோட்டயத்து மீனும் கள்ளும் என்றார். நியாயமான அடி. ஆனால் தம்பி அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை போலிருக்கிறது. ஒருமுறை வண்டன்மேடு பக்கம் ஒரு தோட்டத்தில் காய்க் கணக்குக்காக மத்தியானம் வரை மாட்டிக்கொண்டேன். மழை. ஸ்டோர் திண்ணையில் எட்டுத் தூக்குவாளிகள் திறந்தன. ஒன்றில் கருவாட்டுக் குழம்பு, ஒன்றில் புளிச்சோறு, ஒன்றில் வெறும் பழைய சோறு. தோட்டத்துச் சேச்சி ஒருவர் காந்தாரி மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் உப்பு வைத்து நசுக்கித் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஒரு வாழையிலைத் துண்டில் கொண்டு வந்தார். அந்த இலை கை மாறிக் கை மாறிச் சுற்றி வந்தது. பழைய சோறு கொண்டுவந்த அம்மாதான் அதிகம் தொட்டுக்கொண்டார். கண்ணில் நீர், மூக்கில் நீர், "இன்னும் கொஞ்சம் தா" என்று ஒரு சிரிப்பு. அந்த இருபது நிமிஷம் கங்காணி கூப்பிட்ட குரல் யாருக்கும் கேட்கவில்லை. என் எட்டு மணிக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் மத்தியானம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"வீட்டில் பிள்ளை ரசஞ்சோறு சாப்பிடும்போது நீங்கள் அங்கே தாரா வாத்துக் கறி சாப்பிடுவீர்களா?" என்றும் அக்கா கேட்டார். கைதட்டலும் வாங்கினார். நான் பட்டினி கிடந்தால் அந்தத் தாரா பறந்து வந்து போடியில் விழுமா? கோட்டயத்தில் தின்றதால்தான் என் வீட்டுச் சட்டியில் இப்போது கொடம்புளி கிடக்கிறது. முதல் தடவை கொண்டுபோனபோது "என்ன இது, கருகின கட்டை?" என்றாள் வீட்டுக்காரி. இன்றைக்கு மறந்து வந்தால் வாசலிலேயே விசாரணை.

கடைசியாக ஒன்று. எக்சைஸ்காரர்கள் யாராவது இருந்தால் ஒரு நிமிஷம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். கோட்டயத்தில் மசாலாக் கடை வைத்திருக்கும் ஒரு கிறிஸ்தவ அச்சாயன், வசூலுக்குப் போன என்னை ஒரு டிசம்பரில் வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர் வீட்டு அம்மச்சி ஒரு சின்னக் கண்ணாடிக் கிளாசில் கருஞ்சிவப்பாக ஏதோ ஊற்றிக் கொடுத்தார். வீட்டு வைன். கிராம்பும் பட்டையும் மேலே நின்றன. இரண்டாம் வாயில்தான் அடியில் இருந்த பன்னீர் வாசனை வந்தது. எனக்குத் தெரிந்த வாசனை. "இது எங்கே வாங்கினது?" என்றேன். "திராட்சையா? உங்க கம்பந்தான்" என்றார். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கம்பம் பன்னீர்த் திராட்சை. காமயகவுண்டன்பட்டிப் பந்தலுக்குக் கீழே சின்ன வயதில் திருடித் தின்ற பழம், கோட்டயத்துப் பரணி ஜாடியில் சர்க்கரையோடு கிடந்து வேறு ஆளாகி என் முன்னால் உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊர்ப் பழத்தின் ருசி எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அதுவும் வேலைக்குப் போன இடத்தில்.

அதிலிருந்து வருஷா வருஷம் நவம்பரில் அம்மச்சியிடமிருந்து போன் வரும். வருகிற நவம்பரிலும் பத்துக் கிலோ பழத்தைக் கூடையோடு மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு நசுங்காமல் பிடித்தபடி கோட்டயம் பஸ்ஸில் போவேன். முதலாளிக்கு நான் கொடுக்கும் பில்லில் டிக்கெட் மட்டும்தான் இருக்கும், அக்கா.